நடந்துகொண்டே வாசிக்க முடியாத வாத்தியம்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு பேண்டு செட்டு இருந்ததாம். அந்தப் பேண்டு செட்டுக்கு ஒரே ஒரு மகன் இருந்தானாம்.

சிரிக்காதீர்கள் அண்ணாச்சி. எங்கள் தாத்தா இருந்தவரை எதைச் சொன்னாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார். ரேஷன் கடையில் சீனி கிடைக்காமல் திரும்பி வந்த கதையைக்கூட ‘ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு ரேஷன் கடை’ என்றுதான் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்கும் ஒட்டிக்கொண்டது. நீங்கள்தானே கேட்டீர்கள், இத்தனை பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக வந்திருக்கிறாயே தம்பி, வீட்டில் ஒருத்தரும் இல்லையா என்று. இருக்கிறார்கள். நாலு பேர் இருக்கிறார்கள். நாலு பேருக்கும் கை கால் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியும் தனியாகத்தான் வந்திருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் கங்கைகொண்டானில்தானே இறங்க வேண்டும், அதற்குள் முடித்துவிடுவேன். நடுநடுவே ‘உம்’ கொட்டினால் போதும்.

பெட்டிக்குள் இருப்பது வீணை. கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, “என்னடே, ஆளைக் கீளை மடக்கி வச்சிருக்கியா?” என்றார். எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

எங்களுக்குக் கழுகுமலை. எங்கள் செட்டின் பெயர் ஸ்ரீ உச்சிமாகாளி பேண்டு வாத்தியக் குழு. என் பெயரும் உச்சிமாகாளிதான். எனக்கு வைத்துவிட்டுச் செட்டுக்கு வைத்தார்களா, செட்டுக்கு வைத்துவிட்டு எனக்கு வைத்தார்களா என்று கேட்டால் அம்மாவுக்கே குழப்பம். பெயரைக்கூட எனக்கென்று தனியாக வைக்கவில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஆவுடையப்பன் டிரம்பெட். சித்தப்பா சங்கிலி பெரிய டிரம். அக்கா வடிவு கிளாரினெட், எங்கள் சுற்று வட்டாரத்தில் கல்யாண ஊர்வலத்தில் ஊதுகிற பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். அம்மா கோமு எதையும் வாசிக்க மாட்டாள். ஆனால் எல்லாப் பாட்டும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். மற்ற ஆட்கள் வேலைக்குத் தகுந்த மாதிரி வருவார்கள், போவார்கள்.

எங்கள் செட்டில் ஒரு பழக்கம் உண்டு. மற்ற செட்டுகளிலும் இருக்கலாம், ஆனால் எங்கள் ஆட்கள் மாதிரி அதைச் சாமியாகக் கும்பிடுகிறவர்கள் கிடையாது. ஊர்வலத்தில் நடந்துகொண்டே ஊதும்போது யாருக்காவது மூச்சு போகும், கல் தடுக்கும், வரி மறக்கும். அந்த நொடியில் பக்கத்தில் இருக்கிறவன் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். எங்கே விட்டது, யார் விட்டது என்று தெருவில் நிற்கிற ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. தாங்கிப் பிடிக்கிறது என்று அதற்குப் பெயர். செட்டில் ஒருத்தன் தடுமாறி, மற்றவன் சும்மா நின்றான் என்றால் அப்பா அன்றைக்குச் சாப்பிட மாட்டார். அந்த ஆளையும் மறுநாள் கூப்பிட மாட்டார்.

நல்ல பழக்கம்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை.

எனக்குப் பதிமூன்று வயதில் கிதார் மேல் ஆசை வந்தது. சொன்னேன். மற்ற வீடுகளில் என்ன செய்வார்கள், திட்டுவார்கள். படிக்கிற வயசுல என்ன இது என்பார்கள். பையன் வீம்புக்குக் கற்றுக்கொள்வான். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மறுவாரமே கிதார் வந்தது. கூடவே சீருடையின் நிறத்துக்குப் பொருத்தமாக வெள்ளைப் பட்டை வந்தது. சித்தப்பா ஒரு பேட்டரிப் பெட்டியை என் முதுகில் கட்டினார். “எய்யா, நீ முன்னால போ. மாப்பிள்ளை காருக்கு முன்னால நீதான்” என்றார். எனக்கு அப்போது மூன்று கார்டுகள்தான் தெரியும். நாலாவதுக்கு விரல் தேடும்போதெல்லாம் வடிவு கிளாரினெட்டில் வந்து பிடித்துக்கொள்வாள். ஒரு முகூர்த்த மாதம் முழுக்க நான் நாலாவது கார்டைக் கற்றுக்கொள்ளவே இல்லை. தேவைப்படவே இல்லையே.

விட்டுவிட்டேன். அப்புறம் ராப். வேகமாகப் பேசிக்கொண்டே பாடுவார்களே, அது. அதற்கு எழுத வேண்டும். என் கோபத்தையெல்லாம் நானே எழுதினேன், கணக்கு வாத்தியார், டியூசன், எங்கள் தெரு நாய் எல்லாம் வரும். வீட்டில் தெரிந்துபோனது. ஒரு சடங்கு வீட்டு ஊர்வலத்தில் சித்தப்பா மைக்கைக் கையில் கொடுத்து, “பிள்ளை பேரைச் சேத்துப் பாடுல” என்றார். நாயை எடுத்துவிட்டுப் பிள்ளை பெயரைப் போடச் சொல்கிறார். நான் திகைத்து நின்றேன். நின்றால் விடுவார்களா, சித்தப்பாவே பிடித்துக்கொண்டார். தாய்மாமன் பெயர், சீர் வரிசை, பந்தியில் போட்ட கேசரி எல்லாவற்றையும் டிரம்மைத் தட்டிக்கொண்டே வேகமாக அடுக்கினார். சனம் விசிலடித்தது. இப்போதும் எங்கள் செட்டைக் கேட்டு வருகிறவர்கள், “அந்தப் படபடன்னு பேசுற அண்ணன் வருவாருல்ல?” என்றுதான் கேட்கிறார்கள். அந்த அண்ணன் நான் இல்லை.

அதற்கப்புறம் மெட்டல். தொண்டை கிழியக் கத்துகிற பாட்டு. இதையெல்லாம் கழுகுமலையில் யாரும் தொட முடியாது என்று நினைத்தேன். மண்டை ஓடு போட்ட கறுப்புச் சட்டை ஒன்று வாங்கினேன். அம்மா அதைத் தேய்த்து மடித்து வைத்தாள். மண்டை ஓட்டில் ஒரு பல் உரிந்திருந்தது, வெள்ளை நூலால் தைத்தும் கொடுத்தாள். கத்திப் பழகினால் தொண்டை புண்ணாகும் என்று பனங்கற்கண்டும் மிளகும் போட்டுப் பால். சித்தப்பா பெரிய டிரம்மின் தோலில் அதே மண்டை ஓட்டை வரைந்தார். கல்யாண வீடுகளில் வேண்டாம் என்றுவிட்டார்கள். கேத வீடுகளில் நன்றாக எடுபட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கு அழுகை வந்தது, தெரியுமா. என்ன ஆசைப்பட்டாலும் சரி, பத்து நாளில் அதற்கு ஒரு சீருடை தைத்துத் தெருவில் நடக்கவிட்டுவிடுகிறார்கள். எனக்கென்று ஒன்று, ஒன்றே ஒன்று வேண்டும், அவ்வளவுதான். தப்பு என்றாலும் என் தப்பாக இருக்கிற ஒன்று.

போன வருசம் கோவில்பட்டியில் ஒரு வேலை. மாப்பிள்ளை வர நேரமானதால் ஒரு சந்தில் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம். கம்பியைச் சுண்டுகிற சத்தம், சுண்டிவிட்டு இழுக்கிறார்கள், இழுத்துவிட்டு விடுகிறார்கள். ஜன்னல் பக்கம் காதை வைத்தால்தான் கேட்கிறது. அதற்குள் மாப்பிள்ளை கார் வந்துவிட்டது, சித்தப்பா ஒரே ஒரு அடி போட்டார். அந்தச் சத்தம் இருந்த இடம் தெரியவில்லை. ஆகா, இது எங்கள் செட்டிடம் தோற்றுப்போகிற வாத்தியம் என்று தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். தரையில் சம்மணம் போட்டு, மடியில் சாய்த்து வைத்து ஒரு அக்கா வாசித்துக்கொண்டிருந்தார். நடந்துகொண்டே வாசிக்கவே முடியாது. அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

அந்த அக்காதான் சுபத்ரா டீச்சர். வங்கியில் வேலை, சனி ஞாயிறில் வீணை வகுப்பு. வகுப்பில் எல்லாம் பாவாடை கட்டிய சின்னப் பிள்ளைகள். மீசை முளைத்தவன் நான் ஒருத்தன்தான். “அண்ணா, அந்த மெட்டு இல்ல, இந்த மெட்டு” என்று வீணையின் பித்தளைக் கட்டையைத் தொட்டுக் காட்டி மூன்றாம் வகுப்புப் பிள்ளை திருத்தும். எனக்கு அது பிடித்திருந்தது. திருத்திவிட்டு அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும், எனக்காக வாசித்துக் கொடுக்காது.

வீட்டில் சொல்லாமல் இருக்க முடியுமா? அப்பா யார் யாரிடமோ கேட்டு, பழைய வீணை ஒன்றைத் தேடிப் பிடித்து, லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் மடியில் வைத்து வாங்கி வந்துவிட்டார். அது இதுதான்.

அதுவரை சரி. வீட்டில் உட்கார்ந்து பழக ஆரம்பித்தேன் பாருங்கள். மோகனத்தில் ஒரு வர்ணம். கொஞ்சம் தடுமாறினால் போதும், அடுப்படியில் இருந்து அம்மா அடுத்த வரியைப் பாடிவிடுவாள். எப்போது கற்றாள் என்று கேட்காதீர்கள், நான் வாசித்ததைக் கேட்டே கற்றிருக்கிறாள். சித்தப்பா தண்ணீர் டிரம்மில் தாளம். வடிவு துணி மடித்துக்கொண்டே சீட்டியடிப்பாள். அப்பா டிரம்பெட்டின் வாயில் துண்டைச் சுருட்டி அடைத்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல், மெதுவாக, அதுவும் சரியாக நான் விட்ட இடத்தில். அந்த வர்ணத்தை முதலிலிருந்து முடிவுவரை நான் ஒருத்தனாக வாசித்தது எங்கள் வீட்டில் நடந்ததே இல்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சித்தப்பா தரையில் குப்புறப் படுத்து வீணையை அளந்துகொண்டிருக்கிறார்.

“என்ன சித்தப்பா?”

“ஒண்ணுமில்லய்யா. சைக்கிள் சக்கரம் நாலு கெடந்துச்சு. மேல ஒரு பலகை. நீ சம்மணம் போட்டு உக்காந்துக்கிட வேண்டியது. ரெண்டு பயலுவ தள்ளுவானுவ. சுத்தி டியூப்லைட்டு. எப்படி?”

“குடை வேணும்ல, வெயிலுக்கு,” என்றாள் அம்மா, உள்ளேயிருந்து.

“அன்னப்பறவை மாதிரி செஞ்சிரலாம் சித்தப்பா,” என்றாள் வடிவு.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு வந்தது என்று தெரியவில்லை. நான் சத்தமாகப் பேசுகிற ஆள் இல்லை, நீங்களே பார்க்கிறீர்கள், பஸ் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கிறதோ என்னவோ. அன்றைக்குக் கத்தினேன். மெட்டல் பாட்டில்கூட அப்படிக் கத்தியதில்லை. “இதையாவது எனக்கு விடுங்க. நான் தப்பா வாசிச்சா தப்பாவே இருக்கட்டும். நான் விழுந்தா விழுந்துட்டுப் போறேன். யாரும் பிடிக்காதீங்க.”

சித்தப்பா எழுந்து, அளந்த கயிற்றைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். அம்மா மட்டும், “சோறு போடலாமா, அதுவும் கூடாதா?” என்றாள். அப்பா திண்டுக்கல் பூட்டு மாதிரி உட்கார்ந்து டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து பாருங்கள் ரோசத்தை. நான் வீணையை எடுத்தால் போதும், ஆளாளுக்கு எழுந்து வெளியே போய்விடுவார்கள். செட்டின் பயிற்சியை எங்கள் வீட்டு முற்றத்தில்தான் எப்போதும் வைப்பார்கள், அதைக் கண்மாய்க் கரைக்கு மாற்றிவிட்டார் அப்பா. அத்தனை சாமானையும் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம். அம்மா அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தாள், உள்ளே புகை சுற்றி இருமிக்கொண்டே. ஒரு வார்த்தை சொன்னதற்கு இவ்வளவா, அண்ணாச்சி? நான் என்ன அவர்களைப் பேசவே கூடாது என்றா சொன்னேன்?

சரி. விஜயதசமி அன்று டீச்சர் வகுப்புப் பிள்ளைகளை எல்லாம் ஆளுக்கொரு உருப்படி வாசிக்க வைத்தார். கோவில்பட்டியில் ஒரு சின்ன ஹால். நான் வீட்டில் சொல்லவில்லை. எப்படியும் அன்றைக்கு அம்மன் சப்பரம், செட்டுக்கு வேலை இருக்கும், வர முடியாது. ஆனால் மேடையில் உட்கார்ந்து தலையை நிமிர்த்தினால் கடைசி வரிசையில் நாலு பேரும். டீச்சர் சொல்லியிருப்பார் போல, சப்பரத்துக்கு வேறு ஒரு செட்டை அனுப்பிவிட்டு வந்திருக்கிறார்கள். அம்மன் வேலையை விட்டுவிட்டு வருகிறவர்கள் நன்றாக வந்து நாலு பேர் பார்க்க உட்கார வேண்டியதுதானே? அதுவும் இல்லை. தூணை ஒட்டி ஒண்டிக்கொண்டு.

சரி, வந்தது வந்தார்கள், ரசித்தார்களா என்றால் அதுவும் இல்லை. நான் வாசிக்க ஆரம்பித்தேன். அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். பல்வலி போல. வடிவு சித்தப்பாவின் இரண்டு மணிக்கட்டையும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தில் அவர் தொலைந்துபோவார் என்று நினைத்தாளோ என்னவோ. அப்பா கண்ணை மூடித் தூங்கிவிட்டார். தூக்கத்திலும் ஊதுகிறார் பாவம், உதடு குவிந்து குவிந்து விரிகிறது, முழங்காலில் மூன்று விரல் மாறி மாறி அழுந்துகிறது. அப்புறம் அந்தக் கையையும் எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வாசித்தால் என்ன ஆகும்? சரணத்தில் ஒரு இடத்தில் எனக்கு விட்டுப்போனது. அடுத்த வரி இல்லை. தலைக்குள் துடைத்துவிட்ட மாதிரி. சுண்டுவிரல் மட்டும் தன் பாட்டுக்குத் தாளக் கம்பியைத் தட்டிக்கொண்டிருக்கிறது, இடது கை மெட்டின் மேல் நிற்கிறது, ஹால் முழுக்க மின்விசிறி சத்தம் மட்டும்.

எனக்கு ஒன்றும் கவலை இல்லை. ஏன் இருக்க வேண்டும்? எங்கள் வீட்டு ஆட்கள் இருக்கிறார்களே. நான் அவர்களைப் பார்த்தேன். யாரும் பிடிக்காதீங்க என்று சொன்னேன்தான். அதற்காக? கோபத்தில் நூறு சொல்வோம். ஆபத்து என்று வந்தால் அதையா பார்ப்பார்கள்?

பார்த்தார்கள் அண்ணாச்சி. அப்பா கண்ணைத் திறந்தார். நேராக என்னைப் பார்த்தார். அவருக்கு அடுத்த வரி தெரியும், எனக்குத் தெரியும் அவருக்குத் தெரியும் என்று. துண்டு அடைத்துக்கொண்டு எத்தனை நாள் ஊதியிருக்கிறார். ஒரு சின்ன முனகல் போதும். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சித்தப்பா பாதி எழுந்தார், கிளம்பலாம் என்று பார்த்திருப்பார், வடிவு இழுத்து உட்கார வைத்தாள். அம்மா சேலைக்குள் முகத்தையே புதைத்துவிட்டாள். முன்வரிசையில் அந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை கிளுக்கென்று சிரித்தது.

என்ன செய்ய? யாரும் வரவில்லை. சுண்டுவிரல் தட்டிக்கொண்டே இருக்கிறது. தட்டத் தட்ட, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, நான் விட்ட வரிக்கு முந்தின வரி ஞாபகம் வந்தது. அதை மறுபடி வாசித்தேன். வாசித்துக்கொண்டே போனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வருகிறது. கொஞ்சம் கோணலாக வந்தது. ஆனால் வந்தது. அதற்கப்புறம் நிற்கவில்லை, முடிவுவரை போய்விட்டேன். அந்த வர்ணம் கடைசியில் எப்படி முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்கே சரியாகக் கேட்டது. அது வேறு விசயம். நான் சொல்ல வந்தது அது இல்லை.

இந்தாருங்கள், புளிசாதம் ஒரு வாய் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா கட்டிக் கொடுத்தது. இன்றைக்குத் திருநெல்வேலியில் வீணைப் போட்டி. டீச்சர்தான் பெயர் கொடுத்தார். வீட்டில், நீங்களும் வாங்க என்று நானே வாய் திறந்து கேட்டேன். “நீ போய்ட்டு வா,” என்றார்கள் நாலு பேரும் ஒரே சுருதியில். பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட யாரும் வரவில்லை. முன்னே என்றால் மேளத்தோடு வந்திருப்பார்கள்.

கங்கைகொண்டான் வந்துவிட்டதா? இருங்கள், வண்டி இங்கே கொஞ்ச நேரம் நிற்கும். கடைசியையும் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

வாசித்து முடித்ததும் கைதட்டினார்கள். எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும் தட்டவில்லை. சித்தப்பா கையை வடிவு விட்டால்தானே தட்டுவார். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மாமி, “அந்தப் பையன் நன்னா சமாளிச்சுட்டான், யாரு?” என்று கேட்டிருக்கிறார். எங்கள் பையன் என்று சொல்ல வேண்டியதுதானே? “உச்சிமாகாளின்னு பேரு” என்று மட்டும் சொன்னாளாம். டீச்சர் அப்பாவிடம் போய், “எப்படி சார் வாசிச்சான்?” என்று கேட்டார். அப்பா என்ன சொன்னார் தெரியுமா? “அவன்கிட்ட கேளுங்கம்மா.” அவ்வளவுதான். பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நாற்பது வருசம் ஊதிய மனுசன்.

ஹால் காலியானது. அம்மா போனாள், வடிவு சித்தப்பாவைத் தள்ளிக்கொண்டு போனாள். அப்பா மட்டும் நின்றார். நான் வீணையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். எங்கள் செட்டில் வேலை முடிந்ததும் அடுத்தவன் சாமானைத் தூக்குகிறவர் அவர்தான், அதனால் நான் நகர்ந்து வழிவிட்டேன். பக்கத்தில் வந்து பெட்டியின் கைப்பிடியில் கையை வைத்தார். வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். தூக்கவில்லை அண்ணாச்சி. இவ்வளவு கனமான பெட்டி.

“பஸ்ல கூட்டமா இருக்கும். பாத்து வா,” என்றார். குரல் கரகரவென்று இருந்தது, மின்விசிறிக் காற்று அவருக்கு ஆகாது.

நடந்துவிட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் குனிந்து செருப்பைத் தேடினார். கண் முன்னால் இருக்கிற செருப்பை ரொம்ப நேரம் தேடினார். வலது காலில் இடது செருப்பை மாட்டி, கழற்றி, மறுபடியும் அதையே மாட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அப்புறம் தோள் துண்டை எடுத்து முகத்தை ஒருதரம் அழுத்தித் துடைத்துக்கொண்டு, சரியாக மாட்டிக்கொண்டு, போயே போய்விட்டார்.